ராமநாதபுரத்துச் சுவரில் தொடங்கி எழும்பூர் வரை: கலை அருங்காட்சியகம் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பக்கத்திலிருந்து சென்னைக்குப் போய், எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பழைய கலையையும் இக்காலக் கலையையும் ஒரே நாளில் பார்க்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் ஊர்ப் பெரியவர்களில் சிலருக்கு அது இன்னும் 'செத்த காலேஜ்'தான். புதிதாக வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போனதில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அவர்கள் தடுமாறுவது கலை புரியாததால் அல்ல, வரிசை தப்பிப் போவதால். எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசிக்குத் தள்ளுவது, ஊரிலேயே எதைப் பழகிக்கொண்டு கிளம்புவது என்பதைச் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்தது.

இதற்கு ஊரில் அரை நாள், சென்னையில் ஒரு நாள் வேண்டும். வசதி இருந்தால் இன்னொரு நாள்.

1. முதலில் கிழமையை முடிவு செய்யுங்கள்

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. தேசிய விடுமுறை நாட்களிலும் திறக்காது. மற்ற நாட்களில் காலை 9.30 முதல் மாலை 5 மணி வரை.

நம் பக்கத்துக்காரர்கள் இதில் இரண்டு விதமாக மாட்டுகிறார்கள். கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களில் கடைக்காரர்களுக்கு வெள்ளிதான் லீவு, அதனால் அந்த நாளையே பயணத்துக்கு ஒதுக்குவார்கள். மற்றவர்கள் வியாழன் வேலை முடித்துச் சாயங்காலம் ரயில் ஏறுவார்கள். ஏறியது வியாழன்தான், ஆனால் இறங்குவது வெள்ளி காலை. பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு நேரே மெரினாவுக்குப் போய்விடுவார்கள். நமக்கு எதற்குங்க மெரினா?

திங்கள் அல்லது செவ்வாய் இரவு கிளம்பினால் மறுநாள் கூட்டம் குறைவாக இருக்கும். பொங்கலை ஒட்டிய நாட்களில், அதிலும் காணும் பொங்கலன்று, போகவே போகாதீர்கள்.

விசைப்படகுக் குடும்பங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம்தான் தோது. பள்ளிக்கூட லீவும் அதில்தான் வரும், அதனால் ரயிலில் இடம் கிடைப்பது கஷ்டம். முன்பதிவு 60 நாளைக்கு முன்பே திறந்துவிடும், அன்றைக்கே போட்டுவிடுங்கள். வெயிலைப் பற்றியும் யோசித்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியக வளாகத்தில் கட்டடம் விட்டுக் கட்டடம் திறந்தவெளியில் நடக்க வேண்டும்.

2. சென்னைக்கு முன்னால் ராமலிங்க விலாசம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். ராமநாதபுரம் டவுனில் ஆட்டோவிலோ பஸ்ஸிலோ 'அரண்மனை' என்றால் போதும், இறக்கிவிடுவார்கள். ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் அரண்மனைக்குள் இருக்கும் ராமலிங்க விலாசம் தமிழ்நாடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சுவர், தூண், வளைவு என எங்கும் ஓவியம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் வரைந்தவை. இங்கேயும் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள்.

ஏன் இதை முதலில் பார்க்கச் சொல்கிறேன்? எழும்பூரில் கண்ணுக்குத் தேவைப்படும் மூன்று பழக்கங்களையும் இந்தச் சுவர்கள் கற்றுத்தரும். அவசரமில்லை, கூட்டமில்லை, ரயிலைப் பிடிக்கும் பதற்றமில்லை. பிடிபடவில்லை என்றால் அடுத்த வாரம் திரும்பி வரலாம். சென்னையில் அந்த வசதி கிடையாது.

உள்ளே நுழைந்ததும் ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். நம் ஊர் வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு உள்வெளிச்சம் பழக அவ்வளவு நேரம் வேண்டும். பலர் நுழைந்த வேகத்தில் 'ஒண்ணுமே தெரியலியே, அழிஞ்சு போச்சு போல' என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். ஓவியம் அங்கேதான் இருக்கும், கண்தான் இன்னும் வாசலில் நிற்கும்.

பிறகு ஒரே ஒரு சுவரைத் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் சுற்றிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். தஞ்சை மராத்தியரோடு நடந்த போர், தொப்பியும் சட்டையுமாக வந்த ஐரோப்பியரைச் சேதுபதி சந்திப்பது, ராஜராஜேஸ்வரி அம்மனிடம் செங்கோல் பெறுவது, ராமாயணக் காட்சிகள் என்று பல இருக்கின்றன. எதுவானாலும் ஒன்று போதும்.

முதல் பழக்கம்: ஒரே ஆளை இரண்டு தடவை கண்டுபிடிப்பது. இந்தச் சுவர்களில் கதை பட்டை பட்டையாக ஓடும். ஒரே பட்டைக்குள் ஒரே ஆள் இங்கே உட்கார்ந்திருப்பார், கொஞ்சம் தள்ளி எழுந்து போய்க்கொண்டிருப்பார். புதிதாகப் பார்க்கிறவர்கள் இதை இரண்டு பேர் என்று எண்ணிக்கொண்டு கதையைத் தொலைத்துவிடுவார்கள். உடை, கிரீடம், மேனி நிறம் இவற்றை வைத்து ஒரே ஆளைப் பின்தொடருங்கள். அவர் எத்தனை இடத்தில் வருகிறார் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணி முடிக்கும்போது கதையைப் பாதி படித்திருப்பீர்கள்.

இரண்டாவது: படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுவது. பல காட்சிகளில் தமிழிலும் தெலுங்கிலும் சிறு குறிப்புகள் எழுதியிருக்கும். பழைய எழுத்து, மங்கல் வேறு. முழுதும் படிக்க வராவிட்டால் பரவாயில்லை. எழுத்து எங்கே உட்கார்ந்திருக்கிறது, யார் பக்கத்தில் இருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே எழுத்தின் வேலை பெயர் சொல்வது. எழும்பூரில் வேறு வேலை செய்யும் எழுத்தைப் பார்ப்பீர்கள், அப்போது இது உதவும்.

மூன்றாவது: சேதத்தைப் பார்ப்பது. எந்த உயரத்தில் வண்ணம் உதிர்ந்திருக்கிறது, எங்கே பூச்சே பெயர்ந்திருக்கிறது, எங்கே பின்னால் வந்தவர்கள் கிறுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். உப்பு பூத்த சுவரோடு வாழ்கிறவர்கள் நாம், இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மீன் ஏலத்தில் செவுளைத் தூக்கிப் பார்க்கிற கண்ணைத்தான் இங்கேயும் போட வேண்டும்: பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில், அழகா இல்லையா என்பது அப்புறம்.

சுவரைத் தொடாதீர்கள். கை வியர்வையிலும் உப்பு இருக்கிறது. ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள். கூட வருகிறவர் யாராவது கதை சொல்ல ஆரம்பித்தால், 'அண்ணே, பத்து நிமிஷம் பொறுங்க, நானே பாத்துட்டு வர்றேன்' என்று சொல்லிவிடுங்கள். கதையைக் கேட்டுவிட்டால் கண் அந்தக் கதையை மட்டும்தான் தேடும்.

வெளியே வந்து உட்கார்ந்து, பார்த்ததில் நினைவிருப்பதைப் பென்சிலால் அரைப் பக்கம் கிறுக்குங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. எது நினைவில் நின்றது, எது நழுவியது என்று தெரிந்தால் போதும்.

3. பையில் என்ன, காலில் என்ன

வெள்ளெழுத்துக் கண்ணாடி உள்ளவர்கள் அதை மறக்காதீர்கள். பெரியவர்கள் அதிகம் விட்டுவிட்டு வருவது இதைத்தான். குறிப்புப் பலகை எழுத்து சின்னதாக இருக்கும், பிறகு அருகில் இருப்பவரைப் படிக்கச் சொல்லித் தொந்தரவு செய்ய வேண்டிவரும்.

சிறு நோட்டு, பென்சில். பேனா வேண்டாம். மை சிந்தினால் அங்கிருக்கும் பொருளுக்கு ஆபத்து. எந்த அருங்காட்சியகத்திலும் பென்சிலோடு நிற்பவரை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

பழகிய செருப்பு. ஊருக்குப் போகிறோம் என்று புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தவர்கள் மத்தியானத்துக்கு மேல் கூடத்தைப் பார்ப்பதில்லை, பெஞ்சைத்தான் பார்க்கிறார்கள்.

பெட்டிக்கு ஒரு பூட்டு. ரயில் நிலையத்து க்ளோக் ரூமில் பூட்டாத பையை வாங்க மாட்டார்கள். இது தெரியாமல் பெரிய பையைத் தோளில் சுமந்துகொண்டு நாள் முழுக்க அலைகிறவர்கள் உண்டு.

4. ரயிலிலிருந்து வாசல் வரை

ராமேஸ்வரத்திலிருந்து சாயங்காலம், இரவில் புறப்படும் வண்டிகள் விடியற்காலையில் சென்னையில் விடும். பழைய ஆட்கள் போட் மெயில் என்பார்கள், இன்னொன்று சேது எக்ஸ்பிரஸ். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து தீவுக்காரர்களும் மறுபடி வீட்டுப் பக்கத்திலேயே ஏறிக்கொள்ளலாம்.

டிக்கெட்டில் கடைசி நிலையம் எழும்பூரா தாம்பரமா என்று பாருங்கள். வண்டிக்கு வண்டி மாறும், வேலை நடக்கும் காலங்களிலும் மாற்றுவார்கள். தாம்பரம் என்றால் அங்கேயே புறநகர் ரயிலில் எழும்பூருக்கு ஏறிக்கொள்ளுங்கள். ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசில் நாலு பேர் சாப்பிடலாம்.

இறங்கியதும் குளித்து, பெட்டியைப் பூட்டி வைத்து, வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுங்கள். பசியோடு கலை பார்க்க முடியாது, இதில் தத்துவம் ஒன்றுமில்லை. அருங்காட்சியகம் பாந்தியன் சாலையில், நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரம்தான். 9.30க்கு வாசலில் நிற்பது போல் போங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் அமைதி பிறகு கிடைக்காது, பள்ளிக்கூட வண்டிகள் வர ஆரம்பித்துவிடும்.

5. சீட்டு வாங்கியதும் ஐந்து பொருளை முடிவு செய்யுங்கள்

நுழைவுக் கட்டணம் சொற்பம்தான். கேமராவுக்குத் தனிச் சீட்டு உண்டு. கைபேசியில் எடுப்பதற்கும் சீட்டு வேண்டுமா என்று கவுன்ட்டரிலேயே கேட்டுவிடுங்கள், உள்ளே போய் வாக்குவாதம் வேண்டாம். எந்தெந்தக் கட்டடம் இன்றைக்குத் திறந்திருக்கிறது என்பதையும் அங்கேயே கேளுங்கள். பராமரிப்புக்காக ஏதாவது ஒன்று மூடியிருப்பது வழக்கம். 1909இல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடம், தேசியக் கலைக்கூடம், வருஷக்கணக்கில் மூடிக் கிடந்ததும் உண்டு.

இந்த வளாகத்தில் 6 கட்டடங்கள், 46 கூடங்கள். எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் எதையும் பார்ப்பதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் கண் பார்க்கும், மனசு பார்க்காது. அதனால் ஐந்து பொருள் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: இக்காலக் கலையில் இரண்டு, அமராவதியில் ஒன்று, செப்புத் திருமேனிகளில் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம். மற்றவை கடந்துபோகும்போது கண்ணில் பட்டால் சரி.

நம் கரையோரத்து ஆட்களுக்கென்றே இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அது விலங்கியல் பிரிவு. திமிங்கல எலும்புக்கூடு, மீன், சிப்பி, பவளம் என்று நம் கடலே கண்ணாடிக்குள் இருக்கும். 1920களில் இந்த அருங்காட்சியகத்து ஆய்வாளர்கள் பாம்பனை அடுத்த குருசடைத் தீவுக்கே வந்து கடலுயிர்களை ஆராய்ந்தவர்கள், அதனால் நமக்கு உரிமைப்பட்ட பிரிவுதான். ஆனால் காலையில் அங்கே நுழைந்தால் மத்தியானம்தான் வெளியே வருவீர்கள். 'இந்தக் கணவாயை ஏன் இப்படி வெளிறவிட்டு வச்சிருக்காங்க' என்று ஆரம்பித்தால் முடியாது. பிள்ளைகள் வந்திருந்தால், கடைசியில் திமிங்கலம் என்று வாக்குக் கொடுத்துவிடுங்கள். அது வரைக்கும் சத்தம் போடாமல் வருவார்கள்.

6. இக்காலக் கலை முதலில்

எல்லோரும் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். கல்லில் ஆரம்பித்து, செம்புக்குப் போய், காலம் பிசகாமல் வந்து கடைசியில் இக்கால ஓவியத்தில் நிற்கிறார்கள். கேட்பதற்கு ஒழுங்காக இருக்கிறது. நடைமுறையில், திருமேனிகளைக் கும்பிட்டுவிட்டு வந்த கண்ணுக்கு கித்தானில், அதாவது ஓவியத் துணியில், கோடு போட்ட ஓவியம் விளையாட்டாகத் தெரியும். காலும் ஓய்ந்திருக்கும். இரண்டு நிமிடத்தில் கூடம் முடிந்துவிடும். பழகாத கண்ணுக்கு அதிகப் பொறுமை கேட்பது இக்காலக் கலைதான், அதனால் புத்துணர்ச்சியாக இருக்கும் நேரத்தை அதற்குக் கொடுங்கள். 1984இல் கட்டிய தற்காலக் கலைக்கூடம் இந்த வளாகத்திலேயே தனிக் கட்டடம்.

முதலில் நிற்காமல் ஒரு சுற்று. எதையும் படிக்க வேண்டாம். இரண்டாவது சுற்றில் இரண்டைத் தேர்ந்தெடுங்கள்: ஒன்று பிடித்தது, இன்னொன்று எரிச்சலூட்டியது. பிடித்ததைப் பார்க்க யாருக்கும் வழிகாட்டி வேண்டாம். எரிச்சலூட்டியதன் முன்னால்தான் ஏதாவது நடக்கும்.

மூன்று தூரத்திலிருந்து பாருங்கள். அறையின் மறுபக்கத்திலிருந்து பார்த்தால் மொத்த அமைப்பும் வண்ண எடையும் தெரியும். இரண்டு எட்டு தள்ளி நின்றால் உருவங்கள் தெரியும். பிறகு, தடுப்பைத் தாண்டாமல், எவ்வளவு பக்கம் போக முடியுமோ அவ்வளவு. அங்கே தூரிகை போன திசை, வண்ணத்தின் தடிமன், முதலில் போட்டு மறைத்த கோடு எல்லாம் தெரியும். பெரும்பாலானவர்கள் நடுத்தூரத்தில் மட்டும் நின்றுவிட்டுப் போகிறார்கள். அதனால்தான் 'இது என்னது' என்ற கேள்வி மட்டும் வருகிறது, 'இதை எப்படிச் செய்திருக்கிறார்' என்ற கேள்வி வருவதில்லை. இரண்டாவது கேள்வி வந்துவிட்டால் முதல் கேள்வியின் தொல்லை பாதி குறைந்துவிடும்.

அடுத்து, எதனால் செய்தது என்று நீங்களே ஊகியுங்கள். எண்ணெய் வண்ணமா, நீர்வண்ணமா, மையா, தகடா? அதன்பிறகுதான் குறிப்புப் பலகை. இந்த வரிசை முக்கியம். பலகையை முதலில் படித்தவர்கள் பெயரையும் வருஷத்தையும் தெரிந்துகொண்ட திருப்தியில் நகர்ந்துவிடுகிறார்கள்.

'இதை எங்க வீட்டுப் புள்ளையே வரையும்' என்று யாராவது சொன்னால் சண்டை போடாதீர்கள், பென்சிலைக் கொடுங்கள். ஆதிமூலத்தின் கோட்டோவியம் ஒன்று கண்ணில் பட்டால் அதில் ஒரே ஒரு கோட்டை மட்டும் நோட்டில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காந்தியையும் பழைய மன்னர்களையும் கோட்டிலேயே நிறுத்திய கை அது, பத்திரிகைகளில் நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். கோடு எங்கே தடித்து எங்கே மெலிகிறது என்பது போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

கே.சி.எஸ். பணிக்கரின் ஓவியம் எதிர்ப்பட்டால் கொஞ்சம் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். 1960களில் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையைத் தொடங்கினார். சாதகக் கட்டம், கணக்குக் குறி, பொடி எழுத்து எல்லாம் கித்தான் முழுக்கப் பரவியிருக்கும். தமிழ் வாசகர்கள் இதன் முன்னால் ஒரே மாதிரிதான் தடுமாறுகிறார்கள்: கிட்டப் போய்ப் படிக்க முயல்கிறார்கள். மலையாளமா, தமிழா, ரகசிய எழுத்தா என்று விவாதம் நடக்கும். அது படிப்பதற்காக எழுதியதல்ல. ராமலிங்க விலாசத்தில் எழுத்து ஆளுக்குப் பெயர் சொன்னது, இங்கே எழுத்தே உருவமாக நிற்கிறது. வரி எங்கே நெருக்கமாக இருக்கிறது, எங்கே வெற்றிடம் விட்டிருக்கிறார் என்று பாருங்கள். அங்கே பழகிய இரண்டாவது பழக்கம் இங்கேதான் பயன்படுகிறது.

உலோகச் சிற்பங்களில் பி.வி. ஜானகிராம் போன்றவர்கள் தகட்டைத் தட்டிச் செய்தவை, முன்னாலிருந்து மட்டும் பார்க்கும்படியானவை. சாமிக்குச் சாத்தும் கவசத்தை நினைத்துக்கொள்ளுங்கள், எங்கிருந்து வந்தது என்று விளங்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு செப்புத் திருமேனிக்குப் போனால் வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

7. அமராவதி: ஒரு வட்டம் போதும்

ஆந்திரத்து அமராவதி பௌத்தத் தூபியைச் சுற்றிப் பதித்திருந்த வெளிர்நிறச் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் இவை. ஒரு பகுதி லண்டனில் இருக்கிறது, ஒரு பகுதி இங்கே. அடுக்கடுக்காகப் பலகைகள் இருப்பதால் இங்கே கண் வழுக்கிக்கொண்டே போகும். ஒன்றில் நங்கூரம் போட வேண்டும்.

நளகிரி யானையைப் புத்தர் அடக்கும் காட்சி செதுக்கிய வட்டப் பலகையைத் தேடுங்கள், கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதே வட்டத்துக்குள் யானை இரண்டு தடவை வரும். ஒரு பக்கம் வெறிபிடித்து ஆளைத் தூக்கி வீசிக்கொண்டிருக்கும், இன்னொரு பக்கம் புத்தரின் காலடியில் மண்டியிட்டிருக்கும். முன்பே பழகாதவர்கள் 'ரெண்டு யானை' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ராமலிங்க விலாசத்தில் ஒரே ஆளை எண்ணிப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும். இரண்டுக்கும் இடையே ஆயிரத்து ஐநூறு வருஷத்துக்கு மேல் இருக்கிறது, உத்தி ஒன்றுதான்.

மேல்மாடத்திலிருந்து எட்டிப் பார்க்கிறவர்கள், பயந்து ஒதுங்குகிறவர்கள் என்று ஒவ்வொரு முகமாகப் போங்கள். வேறு சில பலகைகளில் புத்தர் ஆளாக இருக்க மாட்டார். வெற்று இருக்கையோ பாதச் சுவடோ மட்டும் இருக்கும். உடைந்து போனது என்று நினைத்துவிடாதீர்கள், அப்படித்தான் செதுக்கியிருக்கிறார்கள்.

இதை முடித்ததும் வெளியே வந்து மரநிழலில் உட்காருங்கள். அரை மணி நேரம் எதையும் பார்க்காதீர்கள்.

8. செப்புத் திருமேனிகள்

இந்தக் கூடத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், சோர்ந்த காலோடும் இங்கே நிற்க முடியும். பழகிய உருவங்கள், கண் தானாக நிற்கும். ஆபத்தும் அதுதான். பழகியது என்பதாலேயே பார்க்காமல் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம்.

கும்பிடுவதில் தப்பில்லை. கும்பிடுங்கள். காசு, பூ எதுவும் வைக்காதீர்கள். பிறகு இரண்டு எட்டு பின்னால் வந்து, இப்போது பார்ப்பதற்காக நில்லுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முயன்றால் இரண்டும் அரைகுறையாகும்.

பார்வையை முகத்திலிருந்து தொடங்காதீர்கள், பீடத்திலிருந்து தொடங்குங்கள். பீடத்தில் துளையோ வளையமோ இருக்கும். தண்டு கட்டித் தூக்கிக்கொண்டு வீதியுலா போவதற்காகச் செய்தவை. அதாவது இவை மாலையும் பட்டும் சாத்தி, அசைந்துகொண்டே வரும்போது தெருவிலிருந்து பார்க்கச் செய்தவை, இப்படி ஒரே இடத்தில் விளக்கொளியில் நிற்பதற்காக அல்ல. ராமேஸ்வரத்தில் ரத வீதியில் சாமி வருவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். முட்டி போட்டோ குனிந்தோ பார்த்தால் அந்தக் கோணம் கொஞ்சம் கிடைக்கும். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

அடுத்து பக்கவாட்டு. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் களிமண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றியவை இவை. தகட்டுச் சிற்பம் போல ஒரு பக்கத்தோடு முடியாது. பக்கவாட்டில் நின்றால் இடுப்பின் ஒடிவும் எடை எந்தக் காலில் விழுகிறது என்பதும் தெரியும். மழுங்கிய மூக்கும் தேய்ந்த நகையும் காலங்காலமாக அபிஷேகம் செய்த கைகளின் அடையாளம்.

திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர், 11ஆம் நூற்றாண்டு. கைகளை எண்ணுங்கள். வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று, ஆக மூன்று. பலர் 'ஒரு கை உடைஞ்சு போச்சு' என்பார்கள். சிவன் பக்கத்துக்கு இரண்டு, அம்மை பக்கத்துக்கு ஒன்று என்று சிற்பி வேண்டுமென்றே வைத்தது. தோளிலிருந்து கால் வரை நடுவில் மனசால் ஒரு கோடு போட்டு, முதலில் ஒரு பக்கத்தை மட்டும் கையால் மறைத்துப் பாருங்கள், பிறகு மறுபக்கம்.

வடக்குப்பனையூர் ராமர், சீதை, இலக்குவன், அனுமன் தொகுதியை நம் ஊர்க்காரர்கள் விடவே மாட்டார்கள். நான்கு பேரையும் தனித்தனியாகப் பார்க்காமல் யாருக்கு யார் எவ்வளவு உயரம், யார் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று சேர்த்துப் பாருங்கள். பொதுவாகவே ராமர் திருமேனிகளில் வில் தனியாகச் செய்து வைப்பது, இப்போது பெரும்பாலும் இருக்காது. விரல்கள் மட்டும் அதைப் பிடித்திருக்கும் பாவனையில் நிற்கும். அந்த விரல்களைப் பாருங்கள்.

கரையோரத்துக்காரர்களுக்கு இன்னும் ஒன்று: நாகப்பட்டினத்துப் புத்தர் திருமேனிகள். 1856 முதல் அங்கே கிடைத்தவை முந்நூற்றைம்பதுக்கும் மேல், பல இங்கே இருக்கின்றன. சிறியவை என்பதால் எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள். அவை இருந்தது, கடல் வழியாக வந்து போனவர்களின் கோயிலில்.

சில திருமேனிகளில் பச்சை படிந்திருக்கும். சும்மா நிறம் மாறியது வேறு, பொடியாக உதிர்வது வேறு. உப்பிலிருக்கும் குளோரைடு புகுந்தால் செம்பு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும். இந்த அருங்காட்சியகத்தில் 1930லேயே இதற்கென்று வேதியியல் ஆய்வுக்கூடம் அமைத்தார்கள். படகின் பித்தளைச் சாமானைத் தேய்த்துத் தேய்த்து ஓய்ந்தவர்களுக்கு அவர்கள் பாடு புரியும்.

9. கிளம்புமுன்

திமிங்கலத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தால் நாலு மணிக்குள் அங்கே போய்விடுங்கள். மூடும் நேரத்தில் காவலர்கள் அவசரப்படுத்துவார்கள்.

படம் எடுப்பதை முடிந்தவரை கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் படம் எடுத்தவர்கள் 'வீட்டில் போய்ப் பார்த்துக்கலாம்' என்று நகர்ந்துவிடுகிறார்கள், வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. எடுத்தால் பொருளோடு குறிப்புப் பலகையையும் சேர்த்து எடுங்கள். இல்லாவிட்டால் பத்து நாள் கழித்து எது எந்த ஊர் என்று தெரியாது.

இரவு ரயிலில் படுப்பதற்குமுன் அந்த ஐந்து பொருளையும் நினைவிலிருந்து கிறுக்கிவிடுங்கள். விலாசத்து வாசலில் கிறுக்கிய பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

10. இன்னொரு நாள் இருந்தால்: சோழமண்டலம்

எழும்பூரில் இக்காலக் கலையின் பக்கம் மனசு சாய்ந்தவர்கள் மறுநாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்துக்குப் போகலாம். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் அங்கே இருக்கிறது. சென்னையில் அந்தத் தலைமுறையினர் செய்த ஓவியமும் சிற்பமும் ஒரே கூடத்தில் கிடைக்கும், வெளித் தோட்டத்திலும் சிற்பங்கள் நிற்கும். திருவான்மியூரிலிருந்து பஸ் உண்டு.

இங்கே ஐந்து பொருள் கணக்கு வேண்டாம். ஒரே ஆளின் பல வேலைகளைத் தேடிப் பாருங்கள். முந்தின நாள் எரிச்சலூட்டியவரின் பெயரை நோட்டில் எழுதியிருந்தால், அவரையே தேடுங்கள். சில சமயம் இங்கே எரிச்சல் தீரும், சில சமயம் கூடும். இரண்டும் நல்லதுதான். மக்கள் குடியிருக்கும் இடம் அது, வீட்டு வாசல்களில் எட்டிப் பார்க்காதீர்கள்.

அன்று இரவே ஊர் திரும்புவதாக இருந்தால் வண்டி எழும்பூரிலிருந்தா தாம்பரத்திலிருந்தா என்று காலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தாம்பரம் என்றால் பெட்டியையும் எழும்பூரில் விடாமல் கையோடு எடுத்துக்கொண்டு, ஈஞ்சம்பாக்கத்திலிருந்தே அந்தப் பக்கம் போய்விடலாம். நகரத்துக்குள் திரும்பி வந்து சாயங்கால நெரிசலில் மாட்ட வேண்டியதில்லை.